ஓருறுப்பினர் குழு

லியோனா டூசெட்டை எங்கே உட்கார வைப்பது என்பதுதான் அந்த வருடம் எங்கள் மாநிலச் சட்டமன்றம் சந்தித்த முதல் நெருக்கடி.

கூடத்தின் நடுவே ஒரு நடைவழி. அதற்கு ஒரு பக்கம் சன்னலோரக் கட்சி, மறுபக்கம் கதவோரக் கட்சி. இரண்டுக்கும் முறையான பெயர்கள் உண்டு. ஆனால் பெயரை வைத்து எது எதை விரும்புகிறது என்று சொல்ல முடியாமல் போய் வெகுகாலமாகிவிட்டதால், நாங்கள் நாற்காலியை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொள்கிறோம். லியோனா எந்தக் கட்சியிலும் இல்லை. எனவே அவளுடைய நாற்காலியை நடைவழியில் போட்டார்கள். தீயணைப்பு அதிகாரி வந்து பார்த்துவிட்டு, தீப்பிடித்தால் மக்கள் பிரதிநிதிகள் அவள்மேல் தடுக்கி விழுவார்கள் என்றார். தூணுக்குப் பின்னால் தள்ளிப் போட்டார்கள். அங்கிருந்து அவைத்தலைவர் தெரியமாட்டார். "அது ஒண்ணும் பெரிய குறையில்லைங்க" என்று லியோனா சொன்னது அவைக் குறிப்பில் 'சிரிப்பொலி' என்று மட்டும் பதிவாகியிருக்கிறது. கடைசியில் குடிதண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார்கள். தாகமெடுத்த உறுப்பினர்கள் அவள் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்பார்கள். இரு கட்சியினரும் அவளோடு பேசியது பெரும்பாலும் அப்போதுதான்.

நான் ஜெர்மேன், அவளுடைய நாத்தனார். இறந்துபோன என் அண்ணனின் மனைவி அவள். அவையில் ஒவ்வொரு கட்சியும் ஒரு குழு, கட்சியில்லாதவளும் தனி ஒரு குழு. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு செயலாளர் உண்டு என்ற விதிப்படி அவள் குழுவுக்கு நான் செயலாளர். குழுவில் அவள் மட்டும்தான்.

எங்கள் ஊர் செயின்ட் க்ளோவி. மாநிலத்தின் வடக்கு உச்சி, ஆற்றுக்கு அக்கரையில் கனடா. லியோனா அங்கே பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவள். ஊர் மருத்துவமனையின் பிரசவ அறையை முதலில் ஞாயிற்றுக்கிழமைகளில் மூடினார்கள், பிறகு வார இறுதி முழுவதும், பிறகு தாதிகள் கிடைக்காத நாட்களிலெல்லாம், இப்போது எல்லா நாளும். அவள் மகள் ஜிசெல்லுக்கு வலி கண்டது அப்படி ஒரு மூடிய நாளில். ஜனவரி மாதம். தெற்கே பெரிய மருத்துவமனை வரை இரண்டு மணி நேரப் பாதை. உருளைக்கிழங்குக் கிடங்குகள் முடிந்து காடு தொடங்கும் இடத்தில், காரின் பின்னிருக்கையில் ரெமி பிறந்தான். லியோனாதான் வண்டியை ஓட்டினாள். "அழுவான் அழுவான்னு கண்ணாடியப் பாத்துக்கிட்டே ஓட்டினேன்" என்று என்னிடம் ஒரே ஒருமுறை சொன்னாள். அவன் அழவில்லை.

அதற்குப் பிறகு ஜிசெல் ஊரைவிட்டுப் போனாள். கணவன் ட்ராயோடு அவனுடைய அக்கா வீட்டில், தெற்கே, அந்தப் பெரிய மருத்துவமனைக்கு அருகில் குடியேறினாள். "அந்த ரூம் என்னைக்கும் திறந்திருக்கும்னு யாராவது எழுதிக் குடுக்கட்டும்மா. அப்ப வரேன்." கோபமில்லாமல்தான் சொன்னாள். லியோனா அந்தச் சொல்லை ஒரு வேலையைப் போல வாங்கிக்கொண்டாள். யாரோ எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதுகிறவர்கள் தலைநகரில் இருக்கிறார்கள். எனவே தலைநகருக்குப் போக வேண்டும். அவள் மனசு எப்போதும் பேருந்துத் தடம் போல நேரானது.

முதலில் இரண்டு கட்சி அலுவலகங்களுக்கும் போனாள். சன்னலோரக் கட்சியில் இரண்டு வருடம் உறைகளில் தபால்தலை ஒட்டிவிட்டு வரச் சொன்னார்கள். கதவோரக் கட்சிக்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார். "ரொம்ப உருக்கமான விஷயம்மா. ஆனா பாருங்க, இந்தத் தடவை மீன்பிடி உரிமத்தப் பத்திப் பேசுறதுன்னு ஏற்கனவே முடிவு பண்ணிட்டோம்."

அதனால் தனியாக நின்றாள். ஊரில் பாதிப் பேரைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனவள், மீதிப் பேரின் பிள்ளைகளைக் கொண்டுபோனவள். ஜெயித்துவிட்டாள்.

அந்தத் தேர்தலில் இரண்டு கட்சிகளுக்கும் சரிசமமான இடங்கள் கிடைத்திருந்தன. யார் அவைத்தலைவர் என்பதை முடிவு செய்ய ஒரே ஒரு ஓட்டு மிச்சமிருந்தது. அது எங்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து சாக்ஸ் தைத்துக்கொண்டிருந்தது.

டிசம்பர்ப் பனியில் முதலில் வந்தவர் சன்னலோரக் கட்சித் தலைவர் வென்டல் ஹஸ்கின்ஸ். பாப்பரை மாவில் நாங்கள் சுடும் ப்ளாய் அடைகளை வெண்ணெயும் மேப்பிள் பாகுமாகச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"சொல்லுங்க லியோனா, உங்களுக்கு என்ன வேணும்? பாலமா? ரோடா? ஆத்தோரம் உங்க பேர்ல ஒரு பூங்கா?"

"பிரசவ ரூமு. வருஷம் பூரா திறந்திருக்கணும்னு ஒரு சட்டம்."

"நிறைவேத்திடலாம்."

"எல்லாரும் சேந்து ஓட்டுப் போடணும். ரெண்டு பக்கமும்."

"எல்லாரும்! ஒருத்தர் விடாம!" அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. குதிரையை விட்டுக்கொடுக்கத் தயாராக வந்தவரிடம் அதன் நிழலை மட்டும் கேட்டுவிட்டது போல. நல்ல மனிதர் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

மறுநாள் கதவோரக் கட்சித் தலைவி ப்ரிஸ்கில்லா க்ரோவ் வந்தாள். அவளும் அதே உறுதியைக் கொடுத்தாள், அதே வெளிச்சத்தோடு. ஆனால் பனி ஒட்டிய காலணியோடு அடுப்படி வரை வந்துவிட்டாள். வென்டல் வாசலிலேயே கழற்றியிருந்தார். எங்கள் ஊரில் அவ்வளவு போதும். லியோனாவின் ஓட்டு வென்டலுக்குப் போனது, அவர் அவைத்தலைவரானார்.

ஜனவரியில் அவை கூடியதும் எங்களுக்கு ஒரு விதி அறிமுகமானது. எந்த மசோதாவும் அவைக்கு வருமுன் ஒவ்வொரு குழுவும் மூடிய அறையில் கூடி அதை விவாதிக்க வேண்டும். விவாதித்ததாகக் குழுத் தலைவர் அறிவிக்காவிட்டால், அந்தக் குழுவுக்கு அதைப் பற்றி எந்தக் கருத்தும் இல்லை என்று பொருள்.

"உங்க குழு கூடிச்சாங்க?" என்று அவைச் செயலர் வந்து கேட்டார். ஒடிசலான, மரியாதையான மனிதர்.

"நான்தானே குழு. காலைலேருந்து கூடித்தான் இருக்கேன்."

"அப்படியில்லைங்கம்மா. தனி ரூம்ல கூடணும். கதவு சாத்தியிருக்கணும். முதல்ல ரகசிய வாக்கெடுப்புல தலைவரைத் தேர்ந்தெடுக்கணும்."

"யாருகிட்டேருந்து ரகசியம்?"

"அதச் சொல்லிட்டா அப்புறம் ரகசியம் ஏதுங்க?"

குளிர்காலக் கோட்டுகள் மாட்டும் அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். லியோனா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உறுப்பினரல்லாத நான் வெளியே நின்றேன். சற்று நேரத்தில் மடித்த சீட்டைக் கொண்டுவந்து பெட்டியில் போட்டாள். செயலர் பிரித்துப் பார்த்தார். வெற்றுச் சீட்டு.

"மறு வாக்கெடுப்பு நடத்தணும்" என்றார் அவர், முகம் மாறாமல்.

"என்னடி பண்ற?" என்று அவள் காதில் கேட்டேன்.

"எனக்கு என்மேல அவ்வளவு நம்பிக்கை இல்ல ஜெர்மேன்."

இரண்டாம் சுற்றில் வென்றாள். குழுவில் ஒழுங்கு காக்கும் கொறடாவும் அவளே ஆனாள். பனிப்புயலில் சாலை மூடி ஒருநாள் அவள் தாமதமாக வந்தபோது, விளக்கம் கேட்டு அவளுக்கு அவளே கடிதம் கொடுக்க வேண்டியிருந்தது. விளக்கம் திருப்தியாக இல்லை என்றாள்.

அந்தக் கோட்டு அறைக்குள் அவள் என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பாள். நான் வெளியே நின்று, வேறு யாருடைய துக்கத்துக்கும் இப்படி அரசாங்கச் செலவில் ஓர் அறையும் ஒரு காவலும் கிடைத்ததில்லை என்று நினைத்துக்கொள்வேன். வீட்டில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. அங்கிருந்து வெளியே வரும்போது மூக்கு நுனி சிவந்திருக்கும். "குழு விவாதிச்சாச்சு" என்பாள்.

மசோதாவின் மீதான விசாரணைக்கு மருத்துவமனை நிர்வாக இயக்குநர் வந்தார். நல்ல உயரம், அழகான குரல். "உறுப்பினர்கள் ஒரு தவறான எண்ணத்தைக் கைவிட வேண்டும்" என்று தொடங்கினார். "பிரசவ அறையை நாங்கள் மூடவில்லை. பிரசவம் என்ற சேவையை ஒரே அறைக்குள் அடைத்து வைக்காமல், நூற்றுச் சொச்சம் மைல் நெடுஞ்சாலைக்கு விரிவுபடுத்தியிருக்கிறோம். இன்று ஒரு தாய் தன் வீட்டிலிருந்து புறப்படும் நொடியிலிருந்தே எங்கள் பராமரிப்பில் இருக்கிறாள். இயற்கையும் நமக்கு ஒத்துழைக்கிறது. பிரசவங்கள் குறைந்துவருகின்றன. பிரசவ அறையை மூடிய பிறகு எங்கள் மருத்துவமனையில் பிரசவத்தின்போது ஒரு தாய்கூட, ஒரு குழந்தைகூட இறந்ததில்லை."

கைதட்டினார்கள். லியோனா கையைத் தூக்கினாள்.

"சார், ரெமி டூசெட்ங்கற குழந்தை உங்க கணக்குல எங்க வருது?"

அவர் தன் உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் குனிந்து ஏதோ சொன்னார். "அது போக்குவரத்துத் துறையின் கீழ் வரும், அம்மா" என்றார் இயக்குநர், மிகுந்த பரிவோடு.

மார்ச் மாதம் மசோதா வாக்கெடுப்புக்கு வந்தது. வென்டல் தலைவரின் மேடையிலிருந்து இறங்கிவந்து பேசினார். அது அபூர்வமான மரியாதை. "தாய்மைக்கு விலை வைக்க முடியாது. எனவே இந்த மசோதாவில் நாங்கள் எந்த விலையையும் வைக்கவில்லை" என்றபோது சன்னலோரம் முழுவதும் எழுந்து நின்றது. ப்ரிஸ்கில்லா தன் கட்சி தாய்மார்களை நேசிப்பதில் சன்னலோரத்துக்குச் சற்றும் சளைத்ததல்ல என்றாள். கதவோரமும் எழுந்தது. சுவரிலிருந்த பலகையில் பெயர்களுக்கு எதிரே விளக்குகள் எரிந்தன. எல்லாம் பச்சை. அந்தப் பலகை அப்படி ஒரே நிறமாக எரிந்து தான் பார்த்ததில்லை என்று செயலரே சொன்னார்.

லியோனா கோட்டு அறைக்குள் ஓடிப்போய் மகளைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். ஜிசெல் அப்போது மறுபடி ஆறு மாதம். கதவைச் சாத்த மறந்துவிட்டதால் எனக்கும் கேட்டது.

"எல்லாரும் ஆமான்னுட்டாங்கடி. எல்லாருமே! ஒருத்தர்கூட மிச்சமில்ல. வாடி, வீட்டுக்கு வா."

ஏப்ரலில் ஜிசெல் வந்தாள். ட்ராய் தொட்டிலைக் கொண்டுவந்து முன்னறையில் பொருத்தினான். மாதா கோவில் கூடத்தில் ஊரே சேர்ந்து அவரையும் பன்றிக்கறியுமாகச் சமைத்து விருந்து வைத்தது. லியோனா எங்கும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. ஒவ்வொரு மேசையாகப் போய் நின்றாள். மகள் சிரிக்கும்போதெல்லாம் யாராவது தன்னைப் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, பிறகு அவளைப் பார்த்தாள்.

ஆனால் மருத்துவமனையில் பிரசவ அறை மூடியேதான் இருந்தது. தாதிகளை எப்போது வேலைக்கு எடுப்பீர்கள் என்று மே மாதம் லியோனா விசாரித்தாள். நிதிக் குழுத் தலைவர் எல்வுட் ஸ்டார்பேர்டைக் கேட்கச் சொன்னார்கள்.

எல்வுட் எங்களைத் தன் அறைக்குள் அழைத்துப்போய் ஒரு மேசையைக் காட்டினார். நீளமான ஓக் மரமேசை. அதன்மேல் மசோதாக்கள் வரிசையாக அடுக்கியிருந்தன. ஒரு பெண் மென்மையான துணியால் அவற்றின் ஓரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்களது இதோ இருக்கு, பத்திரமா" என்றார்.

"ஆனா அது நிறைவேறிடுச்சுங்களே?"

"நிறைவேறினதாலதாம்மா இங்க வந்திருக்கு. நிறைவேறாததெல்லாம் அன்னைக்கே செத்துடும், பாவம். செலவு பிடிக்கிற எல்லா மசோதாவும் நிறைவேறின பிறகு இந்த மேசைக்கு வந்து படுத்துக்கணும். பணம் மிச்சமிருந்தா எழுப்பி விடுவோம்."

"இல்லாட்டி?"

"கூட்டத்தொடர் முடியற அன்னைக்கு அவைத்தலைவர் சுத்தியலத் தட்டுவார்ல? அப்ப எல்லாம் ஒண்ணா அடங்கிடும். ரொம்ப அமைதியா நடக்கும். பாக்கவே மனசுக்கு நிறைவா இருக்கும்."

"யார் எதிர்த்தாங்க இத?"

"யாருமே எதிர்க்கல! அதுதான் இந்த மேசையோட அழகு." அவர் அதன் விளிம்பைத் தடவினார். "இவ்வளவு வருஷம் பதவியில இருக்கேன். என் ஜனங்க கேட்ட எதுக்கும் நான் இல்லன்னு சொன்னதில்ல. சொல்ற மாதிரி கடவுள் என்னை வைக்கல."

லியோனா நேராக வென்டலிடம் போனாள். அவர் அவளை உட்காரவைத்து, தானே காபி ஊற்றிக் கொடுத்தார்.

"நீங்க என்ன கேட்டீங்க லியோனா? நிறைவேத்தணும்னு. எல்லாரும் ஓட்டுப் போடணும்னு. போட்டோமா இல்லியா?"

"போட்டீங்க."

"பணத்தோட சேத்து கேட்டிருக்கணும். அத யாரும் சொல்லித் தர மாட்டாங்க, கட்சில இருந்தா தானா தெரிஞ்சிரும்." அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "அன்னைக்கு உங்க அடுப்படில நீங்க என்ன கேட்டிருந்தாலும் குடுத்திருப்பேன். ஆஸ்பத்திரியே புதுசா கட்டித் தந்திருப்பேன். உங்களுக்குத் தெரியலயேன்னு எனக்கே கஷ்டமாதான் இருந்துச்சு."

அவள் காபியைக் குடித்து முடித்தாள். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள்.

அந்த வாரக் கடைசியில் அடுப்படியில் வைத்து மகளிடம் சொன்னாள். ஜிசெல் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எல்லாரும் ஆமான்னுதானே சொன்னாங்க?"

"ஆமா."

"ஒருத்தர்கூட இல்லன்னு சொல்லலியே?"

"சொல்லல."

"அப்புறம் யாரும்மா இல்லன்னு சொன்னது?"

லியோனா அடுப்பிலிருந்த ப்ளாய் அடையைத் திருப்பிப் போட்டாள்.

ட்ராய் தொட்டிலைக் கழற்றி டிரக்கில் ஏற்றினான். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருந்தது, வெயிலடித்துக்கொண்டிருந்தது, சாலை காய்ந்து கிடந்தது. "நான் கார்ல உன்னைக் கொண்டுபோய் விடறேன், டிரக்குல குலுங்கும்" என்று லியோனா சாவியை எடுத்தாள்.

"நீ ஓட்ட வேண்டாம்மா" என்றாள் ஜிசெல். சொன்ன பிறகு அவளுக்கே அது தாங்கவில்லை, அம்மாவைக் கட்டிக்கொண்டாள். ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

தொடரின் கடைசி நாள் ஜூன் நடுவில் வந்தது. கடைசி நாளில் சில மசோதாக்களை மேசையிலிருந்து எழுப்புவது வழக்கம் என்று எல்வுட் சொல்லியிருந்தார். அன்று காலையிலேயே ஜிசெல்லுக்கு வலி கண்டுவிட்டது. போவதா இருப்பதா என்று லியோனா சட்டமன்றப் படிக்கட்டில் ஒரு காலைக் கீழேயும் ஒரு காலை மேலேயும் வைத்துக்கொண்டு நின்றாள். "எழுப்பிட்டாங்கன்னா அவகிட்ட சொல்லிக்கிட்டே உள்ள போலாம்ல" என்றாள். இருந்துவிட்டாள்.

மதியம் எல்வுட் எழுந்து, நிதி நிலைமை கண்ணீர் வரவழைப்பதாக இருந்தாலும் ஒரு மசோதாவை எழுப்ப முடிந்திருக்கிறது என்று அறிவித்தார். உறுப்பினர்களின் நாற்காலிகளுக்குப் புதிய மெத்தை. "தண்ணீர்க் குழாய் அருகில் உள்ள நாற்காலி உட்பட" என்று லியோனாவைப் பார்த்துப் பிரியமாகச் சேர்த்துக்கொண்டார்.

ஜிசெல்லிடமிருந்து தொலைபேசி வந்தபோது லியோனா என் கையைப் பிடித்துக்கொண்டே பேசினாள்.

"பொண்ணும்மா. நல்லா இருக்கா."

"அழுதாளா?"

"ரொம்ப. தாதியெல்லாம் சிரிச்சாங்க." ஜிசெல் குரலைத் தாழ்த்தினாள். "ம்மா, நாங்க இங்கயே இருந்துடறோம். ட்ராய்க்கு வேலை கிடைச்சிருக்கு. வீட்டுக்கு... இனிமே பண்டிகைக்கு வரோம்."

"சரிடி" என்றாள் லியோனா. "சரி. தலையில துணி கட்டிவிடு அவளுக்கு."

எங்கள் அவையில் தொடர் முடியும்முன் வாழ்த்துத் தீர்மானங்கள் வாசிப்பார்கள். கூடைப்பந்தில் வென்ற பள்ளிக்கும், நூறு வயதைத் தொட்டவருக்கும், பெரிய பூசணிக்காய் விளைவித்தவருக்கும். செலவில்லாதவை என்பதால் இவை எந்த மேசைக்கும் போவதில்லை, உடனே உயிர்பெறும். வென்டல் காதில் செய்தி எப்படியோ விழுந்திருந்தது. அவர் குரல் நெகிழ்ந்திருந்தது.

"செயின்ட் க்ளோவி ஊரின் மாண்புமிகு அம்மையாருடைய பேத்தி, நம் மாநிலத்தின் தலைசிறந்த மருத்துவ வசதிகளுக்கு நடுவே இன்று நலமாகப் பிறந்திருப்பதை இந்த அவை பெருமையோடு வாழ்த்துகிறது."

ப்ரிஸ்கில்லா எழுந்து, ஒவ்வொருவர் பெயரும் குழந்தையின் மகிழ்ச்சியில் இடம்பெற வேண்டும் என்பதால் பொத்தான் வாக்கெடுப்பு கோரினாள். விளக்குகள் எரிந்தன. பச்சை, பச்சை, பச்சை. பலகையின் நடுவே, டூசெட் என்ற பெயருக்கு எதிரே, சிவப்பு.

கூடம் மெல்ல அடங்கியது. அவைச் செயலர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"மாண்புமிகு அம்மையார் மகிழ்ச்சிப் பெருக்கில் பொத்தானை மாற்றி அழுத்திவிட்டார் என்று எடுத்துக்கொள்கிறேன்" என்றார் வென்டல். கூடம் பாசத்தோடு சிரித்தது.

லியோனா எழுந்து நின்றாள். "மாத்தி அழுத்தலைங்க."

வென்டல் செயலரைப் பார்த்தார். செயலர் எழுந்தார்.

"குழுவின் நிலைப்பாடா இது? குழு கூடி விவாதித்ததா, அம்மா?"

"இல்ல."

"விவாதிக்கவில்லையெனில் அந்தக் குழுவுக்கு இதில் கருத்து இல்லை" என்றார் செயலர், விதியைப் பார்க்காமலேயே. சிவப்பு பச்சையானது. ஏகமனதாக நிறைவேறியது என்று வென்டல் அறிவித்துவிட்டு, கடற்கரையில் உறுப்பினர்களுக்கான பெருநண்டு விருந்து ஆறிவிடும் என்று நினைவூட்டி, சுத்தியலைத் தட்டினார். உள்ளறையில் அந்த ஓக் மேசையிலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை.

போகும் வழியில் இரு கட்சியினரும் வரிசையாக வந்து அவள் கையைக் குலுக்கினார்கள். "பாட்டியாயிட்டீங்க!" என்றார்கள். வென்டல் தோளைத் தட்டினார். "அந்தப் பொத்தான் விஷயத்தப் பத்திக் கவலைப்படாதீங்க. சரி பண்ணியாச்சு." அவள் ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னாள்.

கூடம் காலியானதும் நான் கேட்டேன். "ஏன் அப்படிப் பண்ணின? அந்தக் குழந்தைக்கு எதிரா?"

கோட்டு அறைக்குப் போய் அழுதுவிட்டு வருவாளோ என்று நினைத்தேன். அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

"ஜிசெல் கேட்டாளே, யாரு இல்லன்னு சொன்னதுன்னு. எவ்வளவு யோசிச்சும் எனக்கு ஒரு முகங்கூடக் கிடைக்கல ஜெர்மேன். ஒருத்தர் முகம் கிடைச்சிருந்தா அதக் கொண்டுபோய் அவகிட்டக் குடுத்திருப்பேன். இந்தா, இவரு மேல கோவப்படுன்னு. என்மேலயாவது படட்டும்னு பாத்தேன். ஒரே ஒருத்தராவது இந்த ரூம்ல வாயத் தெறந்து அத சொன்னதா இருக்கட்டும்னு."

என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"பதிவாகலல்ல?"

"இல்ல" என்றேன் நான்.